வலை நனையாத நாள்

றொபேட்டைத் தூக்கில் போடப்போகிறார்கள் என்று சொல்ல அன்று காலை ஊரில் பாதி ஞானசவுந்தரியின் வேலிப் படலைக்கு வந்துவிட்டது. அவள் முற்றத்தில் பாயை விரித்துக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். வானொலியில் சொன்னார்களாம். கொழும்பில் ஒரு நீதிபதியைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில் அரசாங்கம், இனி மரண தண்டனையை வாசித்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை, நிறைவேற்றியே தீருவது என்று அறிவித்துவிட்டதாம். வந்தவர்களின் முகங்களைப் பார்த்தால் கலியாணத்துக்குச் சொல்ல வந்தவர்கள் போல இருந்தது. ஒருத்தி அவள் கையைப் பிடித்து, இனியாவது உன்ரை மனம் ஆறும் என்றாள். ஞானசவுந்தரி கையை இழுத்துக்கொண்டு, கருவாட்டை மிதிக்காமல் நில்லுங்கோ என்றாள்.

றொபேட் அவளுடைய புருசனைக் கொன்றவன். அடுத்த வளவுக்காரன், நடுவில் ஒரு வேலிதான். மாக்கிறேற்றின் ஒரே மகன். அவனுக்கு யாழ்ப்பாண நீதிமன்றத்தில் மரண தண்டனை கொடுத்து ஒரு வருசமாகியிருந்தது. இந்த நாட்டில் தூக்கு என்று தீர்ப்பு வாசிப்பார்களே தவிர, பல காலமாக ஒருவரையும் தூக்கில் போட்டதில்லை. ஆகவே அவன் கொழும்புச் சிறையில் சோறு தின்றுகொண்டு இருக்கிறான் என்பதுதான் ஊரின் மனக்குறை. அந்தக் குறை தீரப்போகிறது என்றுதான் படலையில் இத்தனை கூட்டம்.

நாரந்தனையிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையின் கடைசி வீடு ஞானசவுந்தரியுடையது. ஊரில் அவளுக்கு வாய்க்காரி என்று பெயர். பெயருக்குக் குறை வைக்கிற ஆளும் அவள் இல்லை. மீன் நிறுப்பவன் தராசில் விரல் வைத்தால் அந்த விரலுக்கே தட்டு விழும். அவளுடைய மனுசன் அன்ரனிதாஸ் அதற்கு நேர்மாறு. ஒரு நாளில் அவன் கதைக்கிறதை எண்ணிவிடலாம். தொண்ணூற்றாறில் இடம்பெயர்வு முடிந்து இருவரும் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, கிணற்றுக்குள் எருக்கலை முளைத்திருந்தது. அவள் ஆமிக்காரனையும் இயக்கக்காரனையும் உலகத்தையும் திட்டிக்கொண்டே ஓலை மேய்ந்தாள். அவன் பேசாமல் கிழிந்த வலையைப் பொத்தினான். அப்படித்தான் அவர்கள் எழும்பினார்கள்.

வீடு திரும்பக் கிடைத்தது, கடல் கிடைக்கவில்லை. கடற்படை அதை வெட்டிச் சுருக்கி வைத்திருந்தது. பாஸ் வேண்டும், விடிந்த பிறகுதான் இறங்க வேண்டும், மத்தியானத்துக்குள் திரும்ப வேண்டும், இந்த எல்லைக்கு அப்பால் போகக்கூடாது. ஒரு கடலைக் குளமாக்கிவிட்டு அதற்குள் ஊர் முழுவதும் வலை போடு என்றால் என்ன நடக்கும்? வலையோடு வலை சிக்கும். நாள்தோறும் சிக்கியது. நாள்தோறும் சண்டை. இரண்டாயிரமாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் தன் வலையை விடுவிக்க றொபேட் அன்ரனிதாசின் வலையை வெட்டினான். கரைக்கு வந்ததும் அன்ரனிதாஸ் கேட்டான். அவன் எடுத்தெறிந்து பதில் சொன்னான். அன்ரனிதாஸ் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையை நீட்டி ஒரு அறை விட்டான். வலை வெட்டின கத்தி றொபேட்டின் கையிலேயே இருந்தது.

ஞானசவுந்தரி மீன் எடுக்கக் கூடையோடு நின்றவள். எல்லாம் அவள் கண்ணுக்கு முன்னால் நடந்தது. கரை முழுவதும் பார்த்தது. ஆனால் பொலிஸ் வந்து கேட்டபோது கரை முழுவதும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். அவளும், நெடுந்தீவிலிருந்து வந்து இங்கே பெண்ணெடுத்த தம்பிராசாவும்தான் சாட்சி சொன்னார்கள். கடலை இத்தனை சிறிதாக்கினவன் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை என்பது அவளுக்கு அப்போதே தெரியும். அதற்காக அவள் றொபேட்டை விட்டுவிடவில்லை. தீர்ப்பு நாளன்று நீதிமன்ற வாசலில் நின்று, நாளைக்கே போடுங்கோ என்று கத்தினவள் அவள்தான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்தால் கோயிலில் துக்கமணி அடிக்கும். அடித்தால் கடலில் நிற்கிற வள்ளமும் திரும்பிவிட வேண்டும். சேமக்காலையில் அடக்கம் முடியுமட்டும் எவனுடைய வலையும் நனையக்கூடாது. செத்தவன் பணக்காரனா, குடிகாரனா, ஊரோடு பகைத்தவனா என்று பார்ப்பதில்லை. பிறந்த அன்றே செத்த பச்சைக் குழந்தைக்கும் வள்ளங்கள் நிற்கும். நாண்டுகொண்டு செத்தவர்களுக்கு முந்தின காலத்தில் சுவாமிமார் மணி அடிக்க விடமாட்டார்கள், குழியும் சேமக்காலை மதிலுக்கு வெளியேதான். ஆனால் அன்றைக்கும் வள்ளங்கள் நின்றன. கடல் கொண்டுபோய் உடல் கிடைக்காதவனுக்கு ஒரு நாள். வயிறு எப்படிக் காய்ந்தாலும் அந்த ஒரு நாள் ஒரு நாள்தான். அன்ரனிதாஸ் செத்தபோதும் நின்றன. பொலிசில் சரணடைய ஓடின றொபேட்டின் வள்ளம் அலையில் அடிபட்டுக்கொண்டு கிடக்க, யாரோ அதையும் இழுத்து மணலில் ஏற்றிவிட்டார்கள்.

வள்ளங்கள் எப்போது இறங்கும், எப்போது நிற்கும் என்று சொல்லுகிற வாய் சங்கத் தலைவர் கிறிஸ்தோப்பருடையது. தூக்குச் செய்தியோடு அன்று முற்றத்துக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். கதிரையில் சாய்ந்திருந்து, அவளுக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்கிற மாதிரிச் சொன்னார்.

"அவனைப் போடுற அண்டைக்குத் துக்கமணியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, பிள்ளை. வள்ளம் எல்லாம் போகும். தூக்கிலை போறவனுக்குக் கரையிலை குந்தியிருக்க எங்களுக்கு ஏலாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஞானசவுந்தரியின் கை கருவாட்டின் மேல் நின்றது.

"அப்ப எங்கடை வின்சன்ற்றுக்குச் செய்த மாதிரி" என்றாள்.

வின்சன்ற் அவளுடைய தமையன். எண்பத்தாறில் ஒரு இயக்கத்துப் பெடியள் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எந்த இயக்கம் என்று இப்போது சொல்லி என்ன, அன்று சந்திக்குச் சந்தி ஒன்று இருந்தது. வள்ள எஞ்சின் ஒன்றைக் களவெடுத்தானாம், நேவிக்குத் தகவலும் சொன்னானாம். விசாரணை எங்கே நடந்தது, யார் நடத்தினார்கள், அவன் என்ன சொன்னான், ஒன்றும் ஒருவருக்கும் தெரியாது. தீர்ப்பு மட்டும் விடியத் தெரிந்தது. சந்தி லைற்போஸ்ற்றில் கட்டி, சுட்டு, கழுத்தில் குற்றம் எழுதின மட்டை தொங்கவிட்டிருந்தார்கள். மணி அடிக்கக்கூடாது, வள்ளம் நிற்கக்கூடாது, சமூகவிரோதிக்கு அழுகிறவனும் சமூகவிரோதிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று வள்ளங்கள் போயின. முதலில் இறங்கினது கிறிஸ்தோப்பரின் வள்ளம். பிறகு ஒவ்வொன்றாக எல்லாம். கடைசியில் அவளுடைய தகப்பனின் வள்ளமும் போனது. அவர் அன்று வலை போடவே இல்லையாம், நங்கூரத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாராம் என்று பிறகு யாரோ சொன்னார்கள். ஞானசவுந்தரிக்கு அது ஆறுதலாக இல்லை. சும்மா இருப்பதென்றால் கரையில் இருந்திருக்கலாம். கம்பத்தில் கட்டினதை அவிழ்க்கக் கூட வாருங்கோ என்று அவளுடைய தாய் வீடு வீடாகப் போனபோது அடுத்த வளவு மாக்கிறேற் கதவைச் சாத்தினாள். தாயும் அவளுமாகத்தான் அவனை அவிழ்த்து, தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியில் கடல் தெரிகிற ஒரு திருப்பம் உண்டு. அந்தத் திருப்பத்தில் பார்த்தால் கடல் முழுக்க வள்ளம்.

வின்சன்ற் எஞ்சினைக் களவெடுத்தானோ இல்லையோ என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. எடுத்திருக்கவும் கூடும். அவன் அப்படியொன்றும் புனிதன் இல்லை. அவளுடைய கோபம் அதைப் பற்றியதே அல்ல. அவன் செத்தான், ஊர் அவனைச் செத்தவர்களின் கணக்கில் சேர்க்கவில்லை. கொன்றது பெடியள், சேர்க்காமல் விட்டது ஊர். அந்த இரண்டாவது காரியத்தை அவளால் இத்தனை வருசத்திலும் விழுங்க முடியவில்லை. இப்போது அதே வாய் அதே கதையைச் சிரித்துக்கொண்டு சொல்கிறது, அதுவும் அவளைச் சந்தோசப்படுத்துவதற்காக. அவள் எழும்பி, கருவாட்டுப் பாயை ஒரு இழுப்பு இழுத்து, எல்லாரும் போங்கோ என்றாள். போனார்கள். போகும்போது, பாவம், புருசன் செத்ததிலிருந்து இவளுக்குக் கொஞ்சம் விசர் என்று கதைத்ததும் அவள் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு அடிக்கடி நினைவில் வந்தது தீர்ப்பு நாள். தூக்கு என்று வாசிக்க முதல் நீதிமன்றத்தில் விளக்குகளை அணைத்தார்கள். சுற்றிக்கொண்டிருந்த விசிறியை நிறுத்தினார்கள். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். வியர்த்து ஒழுக, ஒரு சத்தமும் இல்லாமல் நின்றார்கள். வாசித்து முடித்ததும் பேனையை முறித்தார்கள். அன்று அவளுக்கு அது நல்ல காரியமாகவே பட்டது. இப்போது யோசிக்க வேறு மாதிரி இருந்தது. உயிரை எடுக்கச் சொல்லுகிறவனுக்கே அந்த நேரத்தில் ஒரு கூச்சம் வந்து விளக்கை அணைக்கிறான். ஊருக்கு அந்தக் கூச்சமும் இல்லை. றொபேட் தானாக நாண்டுகொண்டு செத்தால் இவர்களுடைய வலை நனையாது. அதே கயிற்றை அரசாங்கம் போட்டால் நனையலாமாம். கயிறு யாருடைய கையில் இருந்தது என்று பார்த்தா சாவு வருகிறது?

ஊருக்குப் புதிதாக வந்த இளம் சுவாமி ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் மன்னிப்பைப் பற்றிச் சொன்னார். பூசை முடிந்ததும் அவளிடம் தனியாக வந்து, உங்களுடைய மன்னிப்பு இந்த ஊருக்கே பெரிய சாட்சியமாக இருக்கும் என்றார். நல்ல பிள்ளை. ஆனால் ஆள் தெரியாமல் வாயைக் கொடுத்துவிட்டது.

"மன்னிப்பை எனக்குப் படிப்பிக்காதேங்கோ, சுவாமி. அதை நானும் ஆண்டவரும் பார்த்துக்கொள்ளுவம். நான் கேக்கிறது ஒண்டுதான். அவன் சாகிற அண்டைக்கு இந்தக் கரையிலை வள்ளம் நிக்குமோ, நிக்காதோ?"

அது சங்கத்தின் விசயம் என்றார் சுவாமி. அவள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

அந்த மார்கழியில், இயேசு பாலன் பிறப்புக்கு மறுநாள், கடல் எழும்பியது. இந்தக் கரைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, தண்ணீர் வந்து மீன்வாடிகளை நனைத்துவிட்டுப் போனது. ஆனால் முல்லைத்தீவிலும் மணற்காட்டிலும் சனத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டது. கிறிஸ்தோப்பர் கரையில் நின்று, ஒரு வள்ளமும் இறங்கக்கூடாது என்று கண்கலங்கிச் சொன்னார். கிழமைக் கணக்கில் ஒன்றும் இறங்கவில்லை. முகம் தெரியாத, பேர் தெரியாத சனத்துக்காக ஊர் பட்டினி கிடந்தது. ஞானசவுந்தரியும் கிடந்தாள். அது சரி என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் வாயைக் கட்ட முடியவில்லை. கிறிஸ்தோப்பரைக் கண்ட இடத்தில் கேட்டுவிட்டாள். அதுகள் ஒரு குற்றமும் செய்யாத சனம், பிள்ளை, உவனையும் அதுகளையும் ஒண்டாக்காதே என்றார் அவர்.

"குற்றம் செய்தவன் மட்டும் சாகிற உலகம் எண்டால் உந்தக் கதை சரி, அண்ணை" என்றாள் அவள். "நீங்களும் சாவியள். நானும் சாவன். ஆர் ஆர் எதுக்குச் செத்தது எண்டு நாடி பிடிச்சுப் பார்த்துத்தான் நீங்கள் வள்ளத்தை நிப்பாட்டுறதோ?"

அவர், வாய்க்காரியோடு எவன் மல்லுக்கட்டுவது என்று போய்விட்டார்.

அரசாங்கம் சொன்னபடி ஒருவரையும் தூக்கில் போடவில்லை. அதற்குள் அரசாங்கமும் இயக்கமும் செய்துகொண்ட சமாதானம் முறிந்துபோனது. தூக்குமரம் கொழும்பில் சும்மா நிற்க, இங்கே சைக்கிளில் போகிறவனை மோட்டார்ச் சைக்கிளில் வந்து சுட்டார்கள். விளக்கை அணைக்கவும் இல்லை, பேனையை முறிக்கவும் இல்லை. யார் சுட்டது என்று கேட்டவன் அடுத்த ஆளானான். தெற்குக்குப் போகிற பாதையைப் பூட்டிவிட, கப்பலில் வருகிற மாவுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்றார்கள். கடலில் முந்தி விட்ட நேரத்திலும் பாதியை வெட்டிவிட்டார்கள். ஒரு நாள் வள்ளம் இறங்காவிட்டால் அடுத்த நாள் அடுப்பு எரியாது என்ற நிலை. மாக்கிறேற்றும் ஞானசவுந்தரியும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரு வார்த்தை பேசாமல் அந்த வருசங்களைக் கடத்தினார்கள்.

இரண்டாயிரத்து ஏழில், ஒரு பின்னேரம், ஊர்காவற்றுறையிலிருந்து ஒரு பொலிஸ்காரன் வந்தான். றொபேட் சிறையில் காய்ச்சல் வந்து செத்துவிட்டான். அங்கேயே புதைத்தாயிற்று. சொல்லிவிட்டு அவன் சைக்கிளைத் திருப்பினான். மாக்கிறேற் முற்றத்து மண்ணில் அப்படியே இருந்துவிட்டாள். வேலிக்கு மேலால் ஞானசவுந்தரிக்கு எல்லாம் கேட்டது. தனக்குச் சந்தோசம் வரும் என்று அவள் காத்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. துக்கமும் வரவில்லை. மணி அடிக்கும், அடிக்கும் என்று அவள் காது கோயில் பக்கமே இருந்தது. அடிக்கவில்லை. மணியடிக்கிற கோயில் மூப்பரிடம், வேண்டாம் என்று கிறிஸ்தோப்பர் சொல்லிவிட்டாராம். ஒருவரும் மாக்கிறேற்றின் படலையைத் திறக்கவில்லை. அப்போது ஞானசவுந்தரிக்குக் கோபம் வந்தது.

விடிய அவள் கரைக்குப் போனபோது வள்ளங்கள் இறங்கத் தொடங்கியிருந்தன. அன்ரனிதாசின் வள்ளம் இப்போது அவளுடையது. தம்பிராசா பங்குக்கு ஓட்டுகிறான். அவன் எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான்.

"வள்ளம் இண்டைக்குப் போகாது" என்றாள்.

தம்பிராசாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், அவனுக்காகவோ அக்கா, நான் கூண்டிலை ஏறிச் சாட்சி சொன்னனானே என்றான். அவன் நெடுந்தீவில் மாடு வளர்த்த குடும்பத்தில் பிறந்த சைவக்காரன். கடல்காரரின் இந்தச் சட்டமெல்லாம் கலியாணம் கட்டி வந்த பிறகு பழகினது. வீட்டில் மா இல்லை என்றும் மெல்லச் சொன்னான். பிள்ளைகளுக்கு என்ரை கருவாட்டிலை எடுத்துக்கொண்டு போம், எஞ்சினை மட்டும் இறக்கும் என்றாள். அவன் இறக்கினான்.

கிறிஸ்தோப்பர் வந்தார். கொன்றவனுக்கு, அதுவும் உன் புருசனைக் கொன்றவனுக்கு என்று தொடங்கினார். உடல் வரவில்லை, அடக்கம் இல்லை, பிறகென்ன என்றார். சனம் பட்டினி கிடக்கிற நேரத்தில் இது ஊரைக் கேவலப்படுத்துகிற வேலை என்றார். அவள் வள்ளத்தின் முன் அணியத்தில் ஏறிக் குந்தினாள்.

"உடல் இல்லாதவனுக்கு ஒரு நாள். உங்கடை கொப்பர் காலத்திலையிருந்து அதுதான் சட்டம். அவனை எனக்குப் பிடிக்கும் எண்டோ நான் இருக்கிறன்? அவன்ரை பேரைக் கேட்டால் இண்டைக்கும் எனக்கு வயிறு எரியும். ஆனா செத்துப்போனான். செத்தவனைச் சாகாதவன் எண்டு சொல்ல ஏலாது. நீங்கள் போறதெண்டால் போங்கோ. என்ரை வலை நனையாது."

அவர்கள் போனார்கள். ஒன்று விடாமல் எல்லா வள்ளமும் போனது. அவள் மட்டும் வெயிலில் இருந்தாள். மத்தியானம் அவர்கள் திரும்பியபோது கிறிஸ்தோப்பர் ஒரு பையில் மீன் அனுப்பினார், மனுசன் கெட்டவர் இல்லை. கொண்டுவந்தவனிடம் அவள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இன்றைக்கு நனைந்த வலை மீனை நாய்க்குப் போடச் சொல்லு என்றாள்.

வெயில் சாய்ந்த பிறகு மாக்கிறேற் வந்தாள். வள்ளத்தின் மறுபக்கத்தில், அவளைப் பார்க்காமல் மணலில் இருந்தாள்.

"என்ரை பிள்ளையை நீ மன்னிச்சிட்டியோ, பிள்ளை?"

"இல்லை."

மாக்கிறேற் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அவளுக்கு அந்தப் பதில் தெரிந்துதான் இருந்தது.

"வின்சன்ற் செத்த அண்டைக்கு நான் கதவைச் சாத்தினனான். உள்ளுக்கை நிண்டு உன்ரை அம்மா போறதைப் பார்த்துக்கொண்டு நிண்டனான்."

"தெரியும், அக்கா" என்றாள் ஞானசவுந்தரி. "இருங்கோ. எழும்பாதேங்கோ."

பொழுது படுமட்டும் இருந்தார்கள். அழுகிறவள் அழுதாள். மற்றவள் அழவில்லை. ஆனால் எழும்பியும் போகவில்லை.

மறுநாள் விடிய வள்ளங்கள் மறுபடியும் தயாராயின. ஞானசவுந்தரி வந்து தன் வள்ளத்தின் அணியத்தில் மறுபடியும் குந்தினாள். தம்பிராசா ஒன்றும் கேட்காமல் எஞ்சினை இறக்கி வைத்தான். கிறிஸ்தோப்பரின் வள்ளம் பாதி தண்ணீருக்குள் நின்றது. அவருக்கு இப்போது கதைக்க இடம் கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் கேட்கவே சொன்னார்.

"உடல் இல்லாதவனுக்கு ஒரு நாள்தான், பிள்ளை. நீதானே நேற்றுச் சட்டம் கதைச்சனி. அந்த நாள் முடிஞ்சுது. இண்டைக்கு ஆருக்கு?"

"இண்டைக்கு வின்சன்ற்றுக்கு."

வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு நின்ற இளம் பெடியன் ஒருவன், எந்த வின்சன்ற் என்று கேட்டான். எண்பத்தாறில் அவன் பிறந்தே இருக்கமாட்டான். ஞானசவுந்தரி அவனைப் பார்க்கவில்லை, கிறிஸ்தோப்பரைத்தான் பார்த்தாள்.

"அண்ணை சொல்லுவார். அண்டைக்கு முதல் இறங்கினது அவரின்ரை வள்ளம்தான். எங்கடை அப்பா கடைசியாப் போனவர். அவருக்கும் சேர்த்துத்தான் இருக்கிறன். நீங்கள் போங்கோ, நேவிக்காரன் நேரம் பார்ப்பான்."

கிறிஸ்தோப்பர் முழங்கால் தண்ணீரில் நின்றார். பெடியன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் கடலைப் பார்த்தார், பிறகு சந்திப் பக்கம் போகிற ஒழுங்கையைப் பார்த்தார். அலை வந்து வள்ளத்தைத் தூக்கித் தூக்கி விட்டது. பிறகு அவர், எஞ்சினைக் கழற்றடா என்றார். பெடியனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஏன், எஞ்சின் பிழையோ என்றான்.

"செத்தவீடு" என்றார் கிறிஸ்தோப்பர்.

அவருடைய வள்ளம் மணலுக்கு ஏறியது. அதைப் பார்த்து அடுத்தது. முன்னால் இறங்கிவிட்ட வள்ளங்களைக் கூவிக் கூப்பிட்டார்கள், அவையும் திரும்பின. கிறிஸ்தோப்பர் சாரத்தைப் பிழிந்துகொண்டு அவளுடைய வள்ளத்தடிக்கு வந்தார். அவள் இறங்கவில்லை. அவரைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை.

"பிந்திப்போனியள், அண்ணை" என்றாள்.

"ஓம்" என்றார் அவர். பிறகு மணலில் இருந்தார்.